கோட்டுப் போட்ட தாத்தாக்கள்

அறுநூற்று நாற்பத்தொன்று. டேப் அக்காவின் குடும்ப மரத்தில் சென்ற மாதம் வரை ஏறியிருந்தவர்களின் எண்ணிக்கை இது. இவர்களில் பாதிப் பேர் உயிரோடு இல்லை. மீதிப் பாதியில் பலர் அக்காவின் போன் வந்தால் எடுப்பதில்லை. எடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று அவர்களுக்குத் தெரியும். "உங்க மாமனாரோட அக்கா வீட்டுக்காரர் எங்க வேலை பார்த்தார்னு சொன்னீங்க?" என்று ஆரம்பித்தால் போதும், அடுப்பில் இருப்பது அடிபிடித்து வாசனை வரும்வரை விடமாட்டார்.

கடைத்தெரு முழுவதற்கும் அவர் டேப் அக்கா. கழுத்தில் அளவு டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. வீட்டில் அவருக்கு வேறு பெயர். அண்ணன் மகள் ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது வைத்தது: விசாரணை அத்தை.

கடை சின்னது. ஒரு பக்கம் மருந்துக் கடை, மறுபக்கம் சாவிக்காரர். உள்ளே இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, இஸ்திரிப் பலகை, துணி மாற்றிப் போட்டுப் பார்க்கத் திரை கட்டிய ஒரு மூலை. புதிதாகத் தைப்பது குறைவு. பேண்ட் நீளம் குறைப்பது, இடுப்புப் பிரிப்பது, அறுந்த ஜிப்பை மாற்றுவது, எடை ஏறியவர்களுக்கு ஆறுதல் சொல்வது, இவைதான் வேலை. வந்தவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார். அக்கா மார்பளவு எடுத்துக்கொண்டே கேட்பார்: "உங்க அம்மா எந்தப் பக்கத்துக்காரங்க?" கையைத் தூக்கி நிற்கிறவரால் ஓடவும் முடியாது, பொய் சொல்லவும் முடியாது என்பது அக்காவின் நீண்ட நாள் ஆராய்ச்சியின் முடிவு. பேண்ட்டைத் திரும்ப வாங்க வருகிற ஆள், பேண்ட்டோடு தன் குடும்பத்தின் மூன்று தலைமுறையும் எழுதிய காகிதத்தையும் சுருட்டி வாங்கிக்கொண்டு போவார். அதற்குத் தனியாக எதுவும் வாங்கமாட்டார் அக்கா.

சொந்தக் குடும்பத்தின் மரம் மட்டும் வெட்டு மேசைக்கு அடியில் இருந்தது. துணி வெட்டுமுன் அளவு வரைகிற பழுப்புக் காகிதச் சுருளில்தான் அதை எழுதியிருந்தார். விரித்தால் கடை வாசல்வரை வரும். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். ஒருவர் சொன்னது பென்சில். இரண்டாவதாக இன்னொருவரும் அதையே சொன்னால்தான் பேனா. இந்த ஒரு விதியில் மட்டும் அவர் யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை. பெற்ற அப்பாவையே, அவருடைய தம்பி வந்து உறுதி சொல்லும்வரை பென்சிலில் வைத்திருந்தவர்.

பிள்ளைகுட்டி இல்லாத தனிக்கட்டை. யாராவது அதைப் பற்றி இரக்கத்தோடு ஆரம்பித்தால், "எனக்கா? கீழ குனிஞ்சு பாருங்க, அறுநூறு பேரைச் சுருட்டி வெச்சிருக்கேன்" என்பார்.

சேர்த்து வைப்பதோடு நிற்கிறவரும் இல்லை. ஒரு கிளை துளிர்த்தால் அன்றைக்கே படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவார். சொந்தக்காரர்கள் கைகூப்பும் படம் போடுவார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தனியே போன் செய்து, "என் வயசை மட்டும் எடுத்துடு" என்பார்கள். ஊரில் இதே பித்துப் பிடித்தவர்கள் சேர்ந்து நடத்தும் வேர் தேடுவோர் குழு ஒன்றும் உண்டு. ஓய்வு பெற்றவர்கள் நிறைய. எல்லோருக்கும் நேரமும் பழைய படங்களும் ஏராளம். அங்கே அக்காவுக்கு நல்ல மரியாதை.

மரத்தில் ஒரே ஒரு கட்டம் மட்டும் வருடக்கணக்காக வெறுமையாக இருந்தது. தாத்தாவின் தம்பி. அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர். அதன்பின் அவர் பெயரைக்கூட வீட்டில் யாரும் சொன்னதில்லை. எதற்குச் சண்டை என்று யாருக்கும் நினைவில்லை; சண்டை மட்டும் பத்திரமாக நினைவிருந்தது. அந்தக் கட்டத்துக்குள் அக்கா ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். பழைய படம் எங்கே தொங்கினாலும் அந்தக் கேள்விக்குறியை மனதில் வைத்துக்கொண்டே கிட்டப் போய்ப் பார்ப்பார்.

அப்படித்தான் மாப்பிள்ளை வீட்டிலும் பார்த்தார்.

அண்ணன் மகள் பிசியோதெரபிஸ்ட். அவள் வேலை பார்க்கும் கட்டடத்தின் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவளிடம் கதவு இடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே பழுது பார்த்தவன்தான் மாப்பிள்ளை. வேண்டுமென்றே மெதுவாகப் பார்த்தான் என்று அவளும், இல்லை என்று அவனும் இன்னும் சண்டை போடுகிறார்கள். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டியரிங் பிடித்தார்கள். எல்லோருக்கும் அவர் டிரைவிங் அம்மா.

இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போயிற்று. மண்டபம்கூடப் பேசியாயிற்று. அக்கா மாப்பிள்ளையை உட்காரவைத்து முறை சொல்லிக்கொடுத்தார். "பொண்ணோட அப்பா உனக்கு மாமா. அவர் தங்கச்சி நான், உனக்கு அம்மா முறை. அதனால சித்தின்னு கூப்பிடணும். எல்லாரும் பொதுவா ஆன்ட்டின்னு கூப்பிட்டுட்டுப் போற மாதிரி இங்க நடக்காது."

"சரிங்க சித்தி."

"நல்ல பையன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தபோது, ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்த படம் அக்காவின் கண்ணில் பட்டது. நாற்காலி முதுகில் கை வைத்து நிற்கிற ஒருவர். கோட்டுப் போட்டிருந்தார். அக்கா பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார்.

"சம்பந்தி, இது யாரு?"

"எங்க மாமனாரோட அப்பா. ஏன்?"

"ஒரு ஸ்டூல் குடுங்க."

அக்கா ஏறினார். மூக்கு கண்ணாடியில் இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தார். மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் மற்றவற்றைப் போலக் கறுப்பாக இல்லாமல் வெளுத்த நிறம். இடது காலர் மடிப்பில் முக்கோணமாக ஒரு ஒட்டு. மேல் பாக்கெட்டின் வாய்த்தையல் ஒரு ஓரம் தாழ்ந்திருந்தது. இந்த மூன்றையும் அக்கா சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர். அண்ணன் வீட்டுக் கூடத்தில் தொங்கும் தாத்தா படத்தில், தாத்தா போட்டிருக்கும் கோட்டில், அச்சு அசலாக இதே பொத்தான், இதே ஒட்டு, இதே பாக்கெட்டு. கோட்டுப் போட்ட தாத்தா என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை. தெருவிலேயே கோட்டு வைத்திருந்த ஒரே ஆள் என்று அண்ணன் சொல்லாத விருந்தாளி கிடையாது.

தையல் விஷயத்தில் அக்கா தப்புப் பண்ணுகிறவர் இல்லை. இரண்டும் ஒரே கோட்டு. அதில் சந்தேகமே இல்லை. அண்ணன் தம்பியைத் தவிர யார் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள்? சண்டைக்கே அந்தக் கோட்டுதான் காரணமோ என்னவோ!

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினார், எப்படி விடைபெற்றார் என்று அவருக்கே தெரியாது. நேராகக் கடைக்குப் போனார். சுருளை விரித்தார். பென்சிலைத் தேடவில்லை. பேனாவைத் திறந்து, கேள்விக்குறிக்கு மேலேயே மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா பெயரை எழுதி, கீழே அந்த வீட்டுக் கிளையைக் கடகடவென்று இறக்கினார். படமெடுத்தார். "தொலைந்த தாத்தா கிடைத்துவிட்டார்! சம்பந்தி வீடும் நாமும் ஒரே வேர்!" என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டார். சம்பந்தி வீட்டாரையும் போன வாரம்தான் குழுவில் சேர்த்திருந்தார்கள்.

கைதட்டல், பூங்கொத்து, மத்தாப்பு என்று திரை நிறைந்தது. எப்போதும் வாயே திறக்காத ஒரு பெரியப்பா மகன்கூட "சூப்பர்" என்றான். அக்காவுக்குக் கால் தரையில் படவில்லை. அப்போது அண்ணியின் போன் வந்தது.

"ஏம்மா, நீ போட்டதைப் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம். ஒரு சின்னச் சந்தேகம்."

"கேளுங்க அண்ணி."

"உங்க தாத்தாவும் அவங்க தாத்தாவும் அண்ணன் தம்பி."

"ஆமா!"

"அப்போ உங்க அண்ணனும் மாப்பிள்ளையோட அப்பாவும்?"

"பங்காளி. அண்ணன் தம்பி முறை."

"அப்போ இவளும் அவனும்?"

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அறுநூற்றுச் சொச்சம் பேருக்கும் யார் யாருக்கு என்ன முறை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர், கிடைத்த சந்தோஷத்தில் இந்த ஒன்றைக் கணக்குப் போட மறந்துவிட்டார். அண்ணன் தங்கை முறை.

"இருக்கியா?" என்றார் அண்ணி.

"இருக்கேன் அண்ணி."

"மண்டபம் பேசியாச்சு."

குழுவில் மத்தாப்பு ஒவ்வொன்றாக அணைந்தது. இன்னும் யார் யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். போட்ட கைதட்டலை இரண்டு பேர் அழித்திருந்தார்கள்.

மறுநாள் காலை, கடையைத் திறக்கும்போதே டிரைவிங் அம்மாவின் போன். "இங்க பாருங்க சம்பந்தி, நான் பிரேக்தான் போட்டிருக்கேன். ரிவர்ஸ் எடுக்கலை. ஆனா எதிர்ல என்ன இருக்குன்னு தெரியாம ஆக்ஸிலேட்டர மிதிக்க என்னால முடியாது. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள உண்மை என்னன்னு ஒரு முடிவு சொல்லுங்க. இல்லேன்னா மண்டபத்தை விட்டுடலாம்."

அடுத்து மாப்பிள்ளையிடமிருந்து ஒரு குரல் செய்தி. "சித்தி... இல்ல, அத்தை... முதல்ல உங்கள என்னன்னு கூப்பிடறதுன்னு சொல்லுங்க. அப்புறம் பேசறேன்."

பத்து மணிக்கு அண்ணன் மகளே வந்துவிட்டாள். இஸ்திரிப் பலகையின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"அத்தை, சுருளை எடுங்க. நான் எங்க இருக்கேன்?"

அக்கா காட்டினார்.

"அவன்?"

அக்கா காட்டினார். பக்கத்திலேயேதான் இருந்தான். அதுதான் பிரச்சினை.

"அந்தக் கிளையை அழிங்க."

"பேனாவுல எழுதிட்டேன்டி."

"பேனாவா?" அவள் குதித்து இறங்கினாள். "ரெண்டு பேர் சொன்னாத்தானே பேனா? யார் சொன்னது?"

"கோட்டு."

"சரி, கோட்டு முதல் சாட்சி. ரெண்டாவது?"

அக்கா கொஞ்சம் யோசித்தார். "பொத்தான்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி போட்டுடுங்க அத்தை. முடிஞ்சு போச்சு" என்றாள்.

"தப்புன்னு தெரிஞ்சா போடறேன். தெரியாமப் போட்டா, நாளைக்கு இந்தச் சுருள்ல இருக்கற ஒருத்தரையும் யாரும் நம்பமாட்டாங்க. உனக்கும் உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருக்கும். அவசரமா ஒட்டினதை அவசரமாப் பிரிச்சா துணிதான் கிழியும்."

"அப்போ என் கல்யாணம்?"

"அதுக்குத்தானே இவ்வளவும்! ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்டுபிடிக்கறேன். என்ன வந்தாலும் உள்ளதைச் சொல்றேன். போய் வேலையைப் பாரு. அங்க எவனோ இடுப்பு வலிக்குதுன்னு கத்திக்கிட்டு இருப்பான்."

அவள் போனதும் அக்கா இரண்டு தாத்தாக்களையும் படமெடுத்து, கோட்டுத் தெரிகிற பகுதியை மட்டும் வெட்டி, வேர் தேடுவோர் குழுவில் போட்டார். பொத்தானையும் ஒட்டையும் வட்டமிட்டுக் காட்டி, கீழே எழுதினார்: "இந்தக் கோட்டைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரியுமா? யார் தைத்தது, யாருடையது? ஒரு கல்யாணம் இதை நம்பி நிற்கிறது."

கல்யாணம் என்றதும் ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது. முதல் பதில் ஓய்வுபெற்ற பஸ் டிப்போ டைம்கீப்பரிடமிருந்து. "தெரியுமாவா? எங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. என் அப்பாவின் அப்பா." கூடவே படம். இரண்டாவது பொத்தான் வெளுத்திருந்தது.

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மூன்றாவது அண்ணன் தம்பியா?

பிற்பகலில் ஒரு பல் டாக்டர் அம்மா தன் கொள்ளுத்தாத்தாவை அனுப்பினார். முக்கோண ஒட்டு. அடுத்து பூக்கடைக்காரர். அடுத்து நீச்சல் கற்றுக்கொடுக்கும் ஒருவர். குழுவிலிருந்து அது வெளியே போய், வெளியிலிருந்து வேறு குழுக்களுக்குப் போய், அக்காவின் போன் மெஷினைவிட அதிகமாகச் சத்தம் போட்டது. செல்போன் படத்தில் தையல் சரியாகத் தெரியவில்லை, அசலைக் கொண்டுவாருங்கள் என்று அக்கா எழுதிவிட்டார். சனிக்கிழமை காலை ஒவ்வொருவரும் தங்கள் தாத்தாவைச் சட்டத்தோடு பழைய துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார்கள்.

சாவிக்காரர் எட்டிப் பார்த்தார். "அக்கா, இன்னைக்குப் பேண்ட்டை விடத் தாத்தா ஜாஸ்தியா வந்திருக்கு."

"நீங்களும் ஒண்ணு எடுத்துட்டு வாங்களேன்."

"எங்க தாத்தா சட்டையே போடமாட்டாரு. உங்க போட்டிக்கு லாயக்கு இல்லை."

வெட்டு மேசை நிறையத் தாத்தாக்கள். எல்லோரும் ஒரே கோட்டு. எல்லோர் பின்னாலும் திரைச்சீலையில் வரைந்த ஒரே மாடிப்படி. அண்ணன் வீட்டுப் படத்தைச் சட்டத்துக்குள் அடக்குவதற்காக யாரோ ஓரங்களை வெட்டியிருந்தார்கள்; மாப்பிள்ளை வீட்டுப் படத்தில் அக்கா கோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அதனால் அந்த மாடிப்படி இதுவரை அவர் கண்ணில் படவே இல்லை. அதற்குள் கூட்டத்தில் உறவு கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள்.

"அப்போ நாமெல்லாம் சொந்தமா?" என்றார் டைம்கீப்பர். "அப்படின்னா நான்தான் இங்க எல்லாருக்கும் மூத்தவன். அண்ணான்னு கூப்பிடுங்க."

"உங்க வயசைப் பார்த்தா பெரியப்பான்னு கூப்பிடலாம் போல இருக்கே" என்றார் பூக்கடைக்காரர்.

"டை அடிக்காம வந்துட்டேன், அதான். நாளைக்குப் பாருங்க."

அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. டைம்கீப்பரின் தாத்தாவையும் பல் டாக்டரின் கொள்ளுத்தாத்தாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டைம்கீப்பரின் தாத்தா பீரோ மாதிரி ஆள். பல் டாக்டரின் கொள்ளுத்தாத்தா குடைக்கம்பி. ஆனால் கோட்டு இரண்டு பேருக்கும் தைத்துப்போட்ட மாதிரி முன்னால் வழவழவென்று விழுந்தது. ஒரு சுருக்கம் கிடையாது, ஒரு இழுப்புக் கிடையாது. டேப்பை எடுத்துப் படத்தின் மேல் வைத்தார். பின், இரண்டு வீட்டிலும் கேட்டு வாங்கி வைத்திருந்த தன் தாத்தாவையும் மாப்பிள்ளை வீட்டுத் தாத்தாவையும் எடுத்து, அவர்கள் தோள் மேல் வைத்தார். தாத்தாவின் தோள் அகலம். மாப்பிள்ளை வீட்டுத் தாத்தாவுக்கோ சரிந்த குறுகல் தோள். எந்தத் தையல்காரன் வந்தாலும் இந்த இரண்டு உடம்புக்கும் ஒரே கோட்டைப் பிரிக்காமல் போட்டுவிட முடியாது. பொத்தானைப் பார்த்த அவசரத்தில் தோளைப் பார்க்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் முதலில் பார்ப்பதே தோளைத்தான்!

"சைடுல திரும்பி நிக்கற தாத்தா யாராவது இருக்காங்களா?" என்று கத்தினார்.

பூக்கடைக்காரர் தன் தாத்தாவை நீட்டினார். கல்யாணமான புதிதில் எடுத்த படம். மனைவி பக்கம் திரும்பி, கேமராவை மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் மனிதர். அந்த ஒரு பார்வையால் உண்மை வெளியே வந்துவிட்டது. அவர் கைக்கு அடியில், முதுகு இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளைச் சட்டைதான் தெரிந்தது. வெட்டிய லைனிங்கின் ஓரமும் அதிலிருந்து தொங்கும் ஒரு நாடாவும்.

"முதுகே இல்லை!" என்றார் அக்கா. "கோட்டுக்கு முதுகே இல்லை! கழுத்து வரைக்கும் கிழிச்சு, நாடா வெச்சுக் கட்டியிருக்கான்! ஸ்டூடியோக்காரன் கோட்டுங்க இது! வர்றவனுக்கெல்லாம் முன்னால மாட்டிப் பின்னால முடிச்சுப் போட்டிருக்கான்!"

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பில் கடை அதிர்ந்தது. பல் டாக்டர் அம்மா தன் கொள்ளுத்தாத்தாவைப் பார்த்து, "இத்தனை வருஷமா ஏமாத்தியிருக்கீங்களே!" என்றார். டைம்கீப்பர் மட்டும் கொஞ்சம் வாடிப்போனார். "அப்போ நான் யாருக்கும் அண்ணன் இல்லையா?"

"உங்களை யார் விட்டாங்க, எல்லாருக்கும் நீங்கதான் அண்ணன்" என்று பூக்கடைக்காரர் அவர் தோளில் கை போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரையும் அக்கா கடைக்கு வரச்சொன்னார். யாரோ கொடுத்துவிட்டு வாங்க வராமல் போன ஒரு கோட்டு அவரிடம் இருந்தது. அதன் முதுகை நீளவாக்கில் வெட்டி, இரண்டு பக்கமும் நாடா தைத்து வைத்திருந்தார்.

முதலில் அண்ணன். பெயின்ட் கடையில் உட்கார்ந்தே வேலை பார்த்ததில் அவர் வயிறு கொஞ்சம் முன்னால் போயிருந்தது. கோட்டை முன்பக்கமாக மாட்டி, பின்னால் லேசாக முடிச்சுப் போட்டார் அக்கா. கண்ணாடியில் பார்த்த அண்ணன் நிமிர்ந்து நின்றார். "இது எனக்கே எடுத்த மாதிரி இருக்கே." அடுத்தது மாப்பிள்ளை. ஒல்லி உடம்பு. நாடாவை இழுத்துக் கட்டியதும் அவனுக்கே எடுத்த மாதிரி இருந்தது.

"இப்போ நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?" என்றார் அக்கா.

டிரைவிங் அம்மா கைகட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, கோட்டு சாட்சி சொல்லாது. ஒத்துக்கறேன். ஆனா கோட்டு போனதனால மட்டும் அவங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி இல்லேன்னு ஆயிடுமா? இருந்தாலும் இருக்கலாமே?"

அண்ணன் மகள் மாப்பிள்ளையின் கோட்டு நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நியாயமான கேள்வி" என்றார் அக்கா. "அதை நான் போன வாரமே உங்ககிட்டக் கேட்டிருக்கணும். கேக்கலை. இப்பக் கேக்கறேன். உங்க மாமனாரோட அப்பாவுக்குக் கூடப் பிறந்தவங்க யாராவது உண்டா?"

"கிடையாதே. எங்க மாமனார் ஆயிரம் தடவை சொல்லியிருக்காரு, அவங்க அப்பா ஒரே பிள்ளைன்னு."

அக்கா அவரையே பார்த்தார். அண்ணி பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"இதை ஏன் சம்பந்தி அன்னைக்கே சொல்லலை?"

"யார் கேட்டீங்க?" என்றார் டிரைவிங் அம்மா. "குழுவைத் திறந்தா மரமே வந்து நிக்குது, மை கூடக் காயலை! கோட்டு வேற இருக்கு. சரி, மாமனாருக்குத் தெரியாத ஒரு பெரியப்பா இருந்திருப்பாரு போலன்னு நானும் நம்பிட்டேன். உங்க மரத்தைப் பார்த்தா எனக்கே அப்படி ஒரு பெரியப்பா வேணும்னு ஆசையாத்தான் இருந்துச்சு."

ஊரையே விசாரித்த விசாரணை அத்தை, விசாரிக்க வேண்டிய ஒரே ஆளை விசாரிக்கவில்லை. அண்ணன் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா அவள் முதுகில் ஒன்று வைத்தார்.

"இது ஒரு சாட்சி. பென்சில்" என்றார். "இன்னொருத்தர் வேணும்."

டிரைவிங் அம்மா தன் நாத்தனாருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தார். "உங்க தாத்தாவுக்கு அண்ணன் தம்பி உண்டா?"

"என்ன அண்ணி, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா? ஒருத்தரும் கிடையாது. ஒத்தைப் பிள்ளைன்னு செல்லம் குடுத்தே கெடுத்தாங்க. சாகற வரைக்கும் தாத்தாவுக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிக்கத் தெரியாது. உங்க வீட்டுக்காரருக்கும் அந்தப் புத்திதானே!"

"போதும், வெச்சிடு" என்றார் டிரைவிங் அம்மா. பின் அக்காவைப் பார்த்து, "வண்டியை எடுங்க. ரோடு கிளியர்" என்றார்.

அண்ணன் மகள் கையில் இருந்த நாடாவை இழுத்தாள். மாப்பிள்ளை ஒரு அடி பின்னால் வந்தான். அண்ணி இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எதற்கு என்று தெரியாமலே அழுதார். சாவிக்காரர் வாசலிலிருந்து கைதட்டினார். சம்பந்தமே இல்லாமல் பேண்ட் வாங்க வந்த ஒருவரும் தட்டினார். பிறகு அந்தக் கோட்டுக்கு ஓய்வே கிடைக்கவில்லை. அண்ணி போட்டுக்கொண்டார், சாவிக்காரர் போட்டுக்கொண்டார், டிரைவிங் அம்மா போட்டுக்கொண்டு நாற்காலி முதுகில் கை வைத்து, ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்தவரைப் போலவே நின்றார். மாப்பிள்ளை எல்லோரையும் படமெடுத்தான்.

அண்ணன் மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணா?"

"அப்போ தாத்தாகிட்டக் கோட்டே கிடையாதா?"

"கிடையாது."

"இத்தனை வருஷமா வந்தவன் போனவன்கிட்டயெல்லாம் சொல்லியிருக்கேனே." படத்தில் தாத்தா கையில் கட்டியிருந்த வாட்ச் நினைவுக்கு வந்தது. "அந்த வாட்ச்சாவது அவரோடதா?"

"டைம்கீப்பரோட தாத்தா கையிலயும் ஒரு வாட்ச் இருந்துச்சு. நான் கிட்டப் போய்ப் பார்க்கலை."

"பார்க்காதே. விட்டுடு" என்றார் அண்ணன்.

எல்லோரும் போன பிறகு அக்கா சுருளை விரித்தார். பேனாவில் எழுதியதை அழிக்க முடியாது. அந்தப் பகுதியை அளவாக வெட்டியெடுத்து, அதே பழுப்புக் காகிதத்தில் ஒட்டுப் போட்டு, தாத்தாவின் தம்பிக்குப் பழையபடி கட்டமும் கேள்விக்குறியும் வரைந்தார். இந்த முறை பென்சிலில். மாப்பிள்ளையின் பெயரை அண்ணன் மகளுக்குப் பக்கத்தில், கணவன் எழுதப்படும் இடத்தில் போட்டார். அதையும் பென்சிலில்தான், கல்யாணம் நடக்கட்டும். குழுவில் எழுதினார்: "போன வாரம் போட்டது தவறு. கோட்டு ஸ்டூடியோவுடையது. மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா ஒரே பிள்ளை. இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். முறை சரி, கல்யாணம் உண்டு. கேட்காமல் எழுதியதற்கு மன்னிக்கவும்." அழித்த கைதட்டல்கள் திரும்பி வந்தன. பெரியப்பா மகன் மறுபடியும் "சூப்பர்" என்றான்.

கோட்டுக் குடும்பங்கள் கலைந்து போகவில்லை. தங்களுக்கென்று ஒரு குழு தொடங்கி, டைம்கீப்பரை அதற்குப் பொறுப்பாக வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த ஸ்டூடியோ எங்கே இருந்தது, கோட்டு என்ன ஆயிற்று என்று தேடுவது முதல் வேலை. பல் டாக்டர் அம்மா ஒரு பழைய தெருப் பெயரைக் கண்டுபிடித்திருக்கிறார். அது இப்போதைக்கு ஒரே சாட்சி.

கல்யாணம் அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, பேசிய மண்டபத்திலேயே நடக்கிறது. அதற்கு முன்னால், வருகிற புதன்கிழமை டேப் அக்கா கடையில் தைக்கத் துணி வாங்கிக்கொள்ளமாட்டார்கள். டிரைவிங் அம்மா தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு காலை பத்து மணிக்கு வருகிறார். அவர்கள் வீட்டு மரத்தை எழுத வேண்டும்.